தூணுக்குள் இருக்கும் எஃகு

விபத்தில் சிக்கிய காரினுள் இருப்பவர் பிழைப்பாரா என்ற விஷயம், அந்த விபத்து நேருவதற்கும், ஏன், பரிசோதனைக்கூடத்தில் அந்த மாடலை மோதிப் பார்ப்பதற்கும் சில ஆண்டுகள் முன்னதாகவே, அதன் விலையையும் எடையையும் நிர்ணயிக்கும் நிர்வாகக் கூட்டத்தில் பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது என்பது, காரின் உடற்கட்டை வகுக்கும் தொழிலில் நெடுங்காலம் பழகிய எனது உறுதியான அபிப்பிராயம்.

மோதிய காரை ஆராயும்போது அதன் முகப்பை நான் முதலில் பார்ப்பதில்லை. முகப்பு நசுங்கத்தான் வேண்டும், மோதலின் சக்தியை உட்கொள்வது அதன் கடமை. கதவை இழுத்துப் பார்ப்பேன். சாதாரணமாகத் திறந்துகொண்டால் பாதி பயம் தெளியும். பிறகு, முன்கண்ணாடியை ஒட்டிய தூண் கூரையோடு சேருமிடத்தில் மடிந்திருக்கிறதா, பெடல்கள் ஓட்டுபவரின் கால்களை நோக்கி எவ்வளவு நகர்ந்திருக்கின்றன, ஸ்பாட் வெல்டிங் பொட்டுகள் தகட்டையும் பிய்த்துக்கொண்டு வந்தனவா, அல்லது வழுவழுப்பாகக் கழன்றுவிட்டனவா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். நன்றாகப் பற்றிய வெல்டு, தகட்டைக் கிழித்துக்கொண்டுதான் விடும்.

2014 ஜனவரியில் குளோபல் என்சிஏபி அமைப்பு, இந்தியாவில் விற்பனையான ஐந்து சிறு கார்களின் ஏர்பேக் இல்லாத மாடல்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்த முடிவுகளை வெளியிட்டது. ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரமே. ஆனால் அந்தப் பூஜ்யங்கள் ஒரே தன்மையன அல்ல. ஆல்டோ 800, நானோ, ஐ10 மூன்றிலும் பிரயாணிகளைக் காக்கவேண்டிய கூடே நிலைகுலைந்தது. ஃபிகோவிலும் போலோவிலும் கூடு நிலைத்து நின்றது. ஆகவே போலோவின் நிர்வாகம் ஏர்பேக் இல்லாத மாடலை விற்பனையிலிருந்து நீக்கியபோது, இரண்டு ஏர்பேக்குடன் சோதிக்கப்பட்ட அதே கார் நான்கு நட்சத்திரம் பெற்றது. மற்ற மூன்றுக்கும் இந்த வழி இல்லை. கூடு சரிந்த காரில் ஏர்பேக் வைத்தும் பெரும்பயன் விளையாது.

ஏர்பேக்கைப் பிறகும் சேர்க்கலாம். தூணுக்குள் வேண்டிய உயர்வலு எஃகோ, தகட்டை அழுத்தி வடிவமைக்கும் அச்சான டையை வெட்டுவதற்கு முன்பே முடிவாகவேண்டியது. பின்னால் மாற்றுவதென்றால் டையைத் திருத்தி, வெல்டிங் வரிசையை மாற்றி, மறுபடி மோதிப் பார்க்கவேண்டும். செலவைக் கண்டு நிர்வாகத்தார் தயங்குவது எனக்குப் புரிகிறது. வாங்குபவர் கேட்பதில்லை என்று அவர்கள் கூறும் சமாதானத்தைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. ஷோரூமில் கண்ணுக்கே படாத எஃகை அவர் எவ்வாறு கேட்பார்?

ஒரு லட்ச ரூபாய் விலையை இலக்காக வைத்து நானோவைச் செய்த அதே டாடா கம்பெனியின் நெக்ஸான், 2018 டிசம்பரில், இந்தியக் கார்களுள் முதலாவதாக ஐந்து நட்சத்திரம் பெற்றது. முன்னதை வகுத்த பொறியாளர்களுக்கு ஞானம் போதவில்லை என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. அவர்களிடம் நிர்வாகம் கேட்டது வேறு.