உயிலங்குளத்தில் நடுங்கிய ஜீப்

மன்னார்ப் பாலத்தைத் தாண்டி, தள்ளாடிச் சந்தியை விட்டு மதவாச்சி வீதியில் முருங்கன் பக்கமாகப் போகிறவர்கள் உயிலங்குளத்தைப் பெரும்பாலும் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுக் கடந்துவிடுவார்கள். நின்று பார்க்க அங்கே கோட்டையும் இல்லை, கடற்கரையும் இல்லை. கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல் நிலம், பனை, வேம்பு, சில கடைகள், அவ்வளவுதான். ஆனால் 2002ஆம் ஆண்டு யுத்த நிறுத்தத்திற்குப் பிந்திய காலத்தில் இந்தப் பெயரை அறியாதவர் மன்னாரில் இருந்திருக்க மாட்டார்கள். அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் வன்னிக்கும் இடையே இருந்த கடவைகளில் ஒன்று இங்கேதான் இருந்தது. சாமான்களை இறக்கி, ஏற்றி, அடையாள அட்டையை நீட்டி, வெயிலில் வரிசையில் நின்ற நினைவு பலருக்கு இன்னும் உண்டு. அந்நாளில் சோதனைச் சாவடிகளில் நீளக் கம்பியில் கண்ணாடியைக் கட்டி ஒவ்வொரு வாகனத்தின் அடிவயிற்றையும் எட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் தேடியது வேறு. இன்று சாவடியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. வாகனத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதும் இல்லை.

இந்தப் பகுதியின் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். முருங்கனைச் சுற்றியுள்ள கரிய களிமண் வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், மாரியில் பசையாகிவிடும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் அதற்கு இங்கிருந்துதான் களிமண் போனது. சீமெந்துக்கு உகந்த மண் செருப்பையும் சில்லையும் எளிதில் விடுமா? சேற்றில் இறங்கி ஏறிய வாகனத்தின் அடியில் அப்பிக்கொண்டு, காய்ந்ததும் கல்லாகிவிடும். இந்தக் கதையில் அந்த மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு.

இது ஆண்கள் சமாச்சாரம் என்று சகோதரிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 1990 ஒக்டோபர் கடைசியில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு, புத்தளத்து அகதி வாழ்க்கைக்குப் பின் 2009க்குப் பிறகு பல குடும்பங்கள் முசலிப் பக்கத்து ஊர்களுக்குத் திரும்பின. வீடு கட்டினார்கள், பள்ளிவாசலைத் திருத்தினார்கள். ஆனால் பெரிய ஆஸ்பத்திரி மன்னாரில்தான். பிள்ளைப்பேற்றுக்கும் கிளினிக்குக்கும் பெண்கள் ஏறிப் போவது பல வேளைகளில் யாரோ ஒருவருடைய பழைய ஜீப்பில்தான். அந்த ஜீப்பின் பின் ஆசனத்தில் அச்சுக்கு மேலேயே உட்கார்ந்திருப்பவர்கள் நீங்கள். ஓட்டுநரின் கவனமெல்லாம் வீதியில் இருக்கும். கீழே ஒன்று கெடத் தொடங்கினால் முதலில் தெரிவது உங்கள் பாதங்களுக்குத்தான்.

சென்ற மாரி மழை விட்ட ஒரு வாரத்தில் அப்படியொரு ஜீப்பில் நான் மன்னாருக்குப் போக நேர்ந்தது. மிட்சுபிஷி ஜீப். அமெரிக்க வில்லிஸ் கம்பெனியின் அனுமதியோடு ஜப்பானில் 1953இல் செய்யத் தொடங்கி 1998 வரை செய்த வகை. நம் நாட்டில் அதன் டீசல் எஞ்சினின் பெயராலேயே அதை 'ஃபோர் டீ ஆர் ஃபைவ்' ஜீப் என்பார்கள். மைல் மீட்டர் எப்போதோ நின்றுவிட்டது. மூன்று இலட்சம் கிலோமீற்றர் தாண்டியிருக்கும் என்பது சொந்தக்காரரின் கணக்கு. பின்னால் ஒரு மாமியும் எட்டு மாதக் கர்ப்பிணியான அவருடைய மகளும். மகளின் கணவர் கட்டாரில். மன்னார் ஆஸ்பத்திரியில் அன்று அவளுக்குக் கிளினிக். முருங்கனில் ஒருவரை இறக்கவேண்டியிருந்ததால் நானாட்டான் வழியாகச் சுற்றி வந்தோம்.

கிரவல் பாதையில் எல்லாமே குலுங்கியதால் ஒன்றும் தெரியவில்லை. முருங்கனில் நல்ல தார் வீதியில் ஏறி வேகம் ஐம்பதைத் தாண்டியதும் மாமி குரல் கொடுத்தார்.

"நானா, காலடியில தேனீக்கூடு வெச்ச மாதிரி இரையுது."

"பழைய வண்டி மாமி, அப்படித்தான் இருக்கும்" என்றார் ஓட்டுநர் நானா.

"பழைய வண்டிதான். போன மாசக் கிளினிக்குக்கும் இதுலதான் வந்தோம். அப்ப இப்படி இல்ல."

இந்த ஒரு வாக்கியத்தை வாசகியர் கவனிக்க வேண்டும். கோளாறைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை இங்கேயே முடிந்துவிட்டது. பழசானதால் வந்த ஆட்டம் மெல்ல மெல்ல வளரும். திடீரென்று தொடங்கிய ஆட்டத்திற்கு ஒரு தேதி இருக்கும். நானா யோசித்துப் பார்த்தார். இடையில் வெளியூர்க் கராஜ் ஒன்றில் கிளட்ச் மாற்றியிருந்தார்கள். கிளட்ச் மாற்ற கியர் பெட்டியை இறக்க வேண்டும். அதற்கு ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டும்.

உயிலங்குளத்தில் வீதியோரம் வேப்ப மரத்தின் கீழ் ஒரு சிறு கராஜ். மெக்கானிக் முப்பது வயதுத் தமிழ்த் தம்பி. நானா அவருக்கு விளக்கத் தொடங்கினார். அவர் கேட்டுக்கொண்டே பின்பக்கமாகப் போய் மாமியிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, அந்த ஆட்டத்தை எண்ணலாமா, எண்ண ஏலாதா?"

"எண்ண ஏலாது தம்பி. ஒரே இரைச்சல்."

அருமையான கேள்வி. பின்பு அவரிடமே கணக்குக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இப்படியான ஜீப்பின் டயர் ஒரு முறை சுழன்றால் வாகனம் ஏறத்தாழ இரண்டேகால் மீற்றர் நகரும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் டயர் ஒரு விநாடிக்கு ஏழு தடவை சுற்றும். டயரிலோ சில்லிலோ குறை என்றால் விநாடிக்கு ஏழு தரம் தட்டும். கொஞ்சம் முயன்றால் எண்ணிவிடலாம், ஸ்டியரிங்கும் சேர்ந்து ஆடும். எஞ்சின் பக்கத்திலிருந்து பின் அச்சுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் நீண்ட குழாய்தான் ஷாஃப்ட். அது டயரைவிட நான்கைந்து மடங்கு வேகமாகச் சுழலும். விநாடிக்கு முப்பது, முப்பத்தைந்து சுற்று. அதன் குறை ஆட்டமாக வராது, ரீங்காரமாக வரும். எண்ண முடியாததுதான் அதன் அடையாளம்.

அடுத்ததாக நானாவை முன்னால் உட்காரவைத்துத் தம்பியே ஜீப்பை ஆளில்லாத நேர் வீதியில் ஓட்டிப் பார்த்தார். அறுபதுக்கு ஏற்றி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஜீப்பைத் தன் போக்கில் உருளவிட்டார். இரைச்சல் அப்படியே இருந்தது. எஞ்சினில் குறையென்றால் எஞ்சின் தணியும்போது இரைச்சலும் மாறியிருக்க வேண்டும். ஆகவே குறை கியர் பெட்டிக்குப் பின்னால். பெண்கள் அதற்குள் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிளேன் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கடவை இருந்த காலத்தில் இதே இடத்தில் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசவே அஞ்சியவர்கள் உண்டு என்று அந்த வீட்டம்மா சொன்னாராம்.

தம்பி அடியில் படுத்துச் சுரண்டியபோது ஷாஃப்ட்டின் ஒரு பக்கத்தில் உள்ளங்கையகலக் களிமண் கட்டி, காய்ந்து இறுகியபடி, பெயர்ந்து விழுந்தது. விநாடிக்கு முப்பது முறை சுழலும் குழாயின் ஒரு பக்கத்தில் மட்டும் பாரம் இருந்தால் நடுங்காமல் என்ன செய்யும்? கழுவிவிட்டு ஓட்டியதும் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. நானாவுக்குச் சந்தோஷம். "முடிஞ்சிது, போவோம்" என்றார். தம்பி திருப்திப்படவில்லை. மண்ணோடு கெட்டது மண்ணோடு போயிருக்க வேண்டும். மீதிப் பாதி ஏன் நிற்கிறது?

மீண்டும் அடியில் புகுந்து, கையால் ஷாஃப்ட்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் முறுக்கினார். பின் முனையிலிருந்த மூட்டில் 'டக், டக்' என்று தளர்வு. அந்த மூட்டின் நடுவிலிருக்கும் சிலுவை வடிவ இரும்பைக் 'குறோஸ்' என்பார்கள். அதன் நான்கு கைகளும் நான்கு கிண்ணங்களுக்குள், ஊசி போன்ற சிறு உருளைகளின் மேல் திரும்பும். கிறீஸ் வற்றினால் ஊசிகள் அரைபட்டு, கிண்ணத்தின் விளிம்பில் சிவப்புத் துருப்பொடி கசியும். மஞ்சள் தூளில் மிளகாய்த் தூள் கலந்தது போன்ற நிறம். அதைப் பார்த்தால் அளந்து பார்க்கத் தேவையே இல்லை.

இரண்டாவது குற்றம் இன்னும் நுட்பமானது. மண்ணும் துருவும் போன இடத்தில், ஷாஃப்ட்டின் இரு துண்டுகளிலும் பொறித்திருந்த அம்புக்குறிகள் தெரிந்தன. அவை ஒன்றையொன்று நேராகப் பார்க்கவில்லை.

இங்கே நான் என் பாடத்துக்குள் கொஞ்சம் போய்வருவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பைசாந்தியத்துப் பைலோ என்ற கிரேக்கரின் பொறி நூல் ஒன்று அரபு மொழிபெயர்ப்பின் வழியே நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் ஒரு மைக்கூடு வரும். எந்தப் பக்கம் புரட்டினாலும் மை சிந்தாது. வளையத்துக்குள் வளையமாக அச்சுகளில் தொங்குவதால் உள்ளே இருக்கும் கூடு எப்போதும் நிமிர்ந்தே நிற்கும். வளையும் இடத்தில் இரண்டு அச்சுகளைக் குறுக்காக வைப்பது என்ற அதே யோசனைதான் ஷாஃப்ட்டின் மூட்டிலும் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயரால் இதைக் கார்டன் மூட்டு என்கிறார்கள். 1676இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் சூரியனைப் பார்க்கும் கருவியொன்றை விவரித்தபோது இந்த மூட்டையும் விவரித்தார். எழுதும் மாணவனின் மைக்கூட்டிலிருந்து சேற்று ஜீப் வரை ஒரே யோசனை வந்து சேர்ந்திருப்பதை நினைக்கும்போது ஸுப்ஹானல்லாஹ் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

இந்த மூட்டுக்கு ஒரு குணம் உண்டு. வளைந்த நிலையில் சுழன்றால் அது சீராகச் சுழற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். 10 பாகை வளைவில் அந்த ஏற்ற இறக்கம் நூற்றுக்கு ஒன்றரை அளவில் இருக்கும். அதனால்தான் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் மூட்டு வைக்கிறார்கள். முன் மூட்டு முந்தும்போது பின் மூட்டு பிந்தி, ஒன்றின் குறையை மற்றது சரிக்கட்டிவிடும். ஆனால் ஷாஃப்ட்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருந்தால்தான் இது நடக்கும். நடுவிலே பல்லுப் பல்லாக ஒன்றுக்குள் ஒன்று சொருகியிருக்கும் ஷாஃப்ட்டைக் கழற்றிப் பூட்டும்போது ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் போதும், ஒன்றின் குறையை மற்றது முழுமையாகச் சரிக்கட்டாது. அந்தக் கராஜில் நடந்தது அதுதான். கழற்றும் முன் ஒரு சோக்குக் கோடு போட்டிருந்தால் வந்திருக்காது.

குறோஸ் மன்னார் டவுனிலிருந்து வரவேண்டும். கிளினிக் நேரமோ போய்க்கொண்டிருந்தது. மன்னாருக்கு இன்னும் சொற்ப தூரம்தான், மெல்ல ஓட்டிப் போய்விடலாம் என்றார் நானா. தம்பி மறுத்தார். பின் மூட்டு உடைந்தால் ஷாஃப்ட் வீதியில் இழுபட்டு அடியிலிருக்கும் பிரேக் குழாயை அடித்துவிடலாம். முன் மூட்டு உடைந்தால் அதைவிடக் கேடு. விழுந்த முனை பள்ளத்தில் குத்தி, ஓடும் வாகனத்தையே தூக்கிப் போடும். இன்னுமொன்றையும் சொன்னார். பல பழைய ஜீப்களில் கைப்பிரேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை, கியர் பெட்டிக்குப் பின்னால் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும். ஷாஃப்ட் போனால் கைப்பிரேக்கும் போயிற்று.

மாமி எழுந்து புர்காவைச் சரிசெய்துகொண்டார். "நாங்க பஸ்ல போறம்" என்றார். அதற்குப் பிறகு வாதம் இல்லை. மன்னார் பஸ் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி ஏற்றிவிட்டேன். மகளுக்கு முன் ஆசனத்தில் இடம் கிடைத்தது.

குறோஸ் வந்து சேர லுஹர் ஆகிவிட்டது. ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் தம்பி நான்கு சில்லுக்கும் கல் வைத்தார். கைப்பிரேக்கைப் பற்றிச் சொன்னவர் ஆயிற்றே. பழைய கிண்ணங்களைத் தட்டி எடுத்து, புதியதைப் பூட்டும்போது ஊசிகள் சரிந்துவிடாமல் கிறீஸில் நிறுத்தினார். ஓர் ஊசி குறுக்கே விழுந்தாலும் கிண்ணம் இறங்காது, இறங்கியதாக நினைத்து இறுக்கினால் நாளைக்கே உடையும். அம்புக்குறிகளை நேராக்கிச் சொருகினார். கடைசியில் மீந்திருந்த மெல்லிய நடுக்கத்துக்கு, ரேடியேட்டர் குழாய்க்குப் போடும் ஹோஸ் கிளிப் இரண்டை ஷாஃப்ட்டின் மேல் பூட்டி, அவற்றின் திருகு இருக்கும் இடத்தை மாற்றி மாற்றி நான்கு தரம் ஓட்டிப் பார்த்தார். நான்காவது தரம் அறுபதில் இரைச்சல் இல்லை. இத்தனை பொறுமையை நான் எங்கள் வகுப்புகளில் கூட அதிகம் கண்டதில்லை.

எழுபதைத் தாண்டினால் இன்னும் கொஞ்சம் இரைகிறது. அதற்குக் காரணம் வேறு. ஊர்ப் பாதையில் வெள்ளம் நிற்பதால் சொந்தக்காரர் பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டையைக் கூட்டி ஜீப்பை உயர்த்தியிருக்கிறார். உயர்ந்ததும் மூட்டுகளின் வளைவு கூடியது, இரண்டு முனையின் கோணமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போயிற்று. தண்ணீரில் இறங்கி ஏறிய ஒவ்வொரு முறையும் மூட்டுகளுக்குப் பழைய நீர் கலந்த கிறீஸ் வெளியே வரும் மட்டும் புதுக் கிறீஸ் அடிக்கச் சொன்னார் தம்பி. களிமண்ணைக் காயவிடாமல் அன்றே கழுவச் சொன்னார். இரண்டையும் நானா ஒப்புக்கொண்டு செய்துவருகிறார். அந்தப் பட்டையைக் கழற்றுவதா விடுவதா என்பதில் மட்டும் அவருக்கும் சொந்தக்காரருக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.