சிவப்பு எது, பச்சை எது?

வர்ணத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று அலட்சியமாகக் கேட்பவர்கள் ஒரு நாளும் ஜவுளிக் கடைக்குப் போயிருக்க மாட்டார்கள். குழல் விளக்கின் கீழே மயில் கழுத்து நிறமாக மின்னுகிற புடவை, வாசல் வெயிலுக்கு வந்தவுடன் வேறு ஏதோ நிறமாகி விடுகிறது. அதனால்தான் நாம் புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு கடை வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். ஆனால் நம்மில் பலர் காலை முதல் மாலை வரை வைத்த கண் வாங்காமல் பார்க்கும் கம்ப்யூட்டர் திரையின் நிறத்தைப் பற்றி ஒரு நிமிஷமாவது யோசிக்கிறோமா? அதற்கென்ன, வாங்கி வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்துவிட்டுப் போகிறது!

நான் பத்திரிகையில் வேலை செய்கிறவள். கட்டுரைகளை எழுதுவதும் திருத்துவதும் 'டெக்ஸ்ட் எடிட்டர்' என்ற ஒரு சாதனத்தில்தான். பக்கம் கட்டுகிற ஆடம்பரங்கள் அதில் கிடையாது. எழுத்து, எழுத்து, எழுத்து மட்டும். பிராம் மூலனார் என்ற டச்சுக்காரர் 1991-ல் வெளியிட்ட 'விம்' இந்த ஜாதியைச் சேர்ந்தது. 2015-ல் வந்த 'விஷுவல் ஸ்டுடியோ கோட்' இதன் தங்கை மாதிரி. கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிறவர்கள் தங்களுக்காக உண்டாக்கிக் கொண்ட இவற்றை, என்னைப் போன்ற எழுத்துக்கூலிகளும் சந்தடி சாக்கில் உபயோகிக்கிறோம்.

இவற்றில் ஒரு பெரிய சௌகரியம் என்னவென்றால், 'ப்ளக்-இன்' என்று ஒன்றைச் சேர்த்துத் திரையின் வர்ணங்களையெல்லாம் நம் இஷ்டப்படி மாற்றிக் கொள்ளலாம். ப்ளக்-இன் என்றால் பயந்துவிடாதீர்கள். மிக்ஸியில் ஜூஸ் பிழிய ஒரு பாத்திரம் தனியாக வாங்கி மாட்டுகிறோமே, அது போலத்தான். மிக்ஸி என்னவோ பழைய மிக்ஸிதான். ஒரு புது வேலையைக் கற்றுக்கொள்கிறது.

அங்கே வர்ணத்துக்குப் பெயர் கிடையாது, எண்தான் உண்டு. 0 முதல் 9 வரை எண்களும், ஏ முதல் எஃப் வரை எழுத்துக்களும் கலந்து ஆறு இடங்கள். முதல் இரண்டு இடம் சிவப்பு, அடுத்த இரண்டு பச்சை, கடைசி இரண்டு நீலம். இப்படிக் கலந்தால் மொத்தம் 1,67,77,216 வர்ணங்கள்! இன்னும் இரண்டு இடம் சேர்த்துக் கொண்டால் அந்த வர்ணம் எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்றும் சொல்லலாம். வாயில் புடவை போல அடியில் இருப்பது தெரியும்படியாகவோ, பட்டுப் போலக் கெட்டியாகவோ.

இத்தனை வர்ணங்களை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டாம் என்று சில புண்ணியவான்கள் நமக்காகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஈதன் ஷூனோவர் என்ற அமெரிக்கர் 2011-ல் வெளியிட்ட 'சோலரைஸ்டு' என்ற அமைப்பில் பதினாறே வர்ணங்கள். எட்டு, பின்னணிக்கும் சாதாரண எழுத்துக்கும். மற்ற எட்டும் எடுப்பான வர்ணங்கள். வெளுத்த பின்னணி, இருண்ட பின்னணி இரண்டுக்கும் அந்த எட்டு வர்ணங்களே பொருந்தும். இரண்டு புடவைக்கு ஒரே ரவிக்கை தைத்துச் சமாளிக்கிற சாமர்த்தியம் அது!

"வெள்ளையில் கறுப்பு எழுத்தா, கறுப்பில் வெள்ளை எழுத்தா, எது கண்ணுக்கு நல்லது?" என்று கேட்பீர்கள். நல்ல வெளிச்சத்தில் பொடி எழுத்தைப் படிப்பதற்கு வெளிர் பின்னணியில் கறுத்த எழுத்தே மேல் என்று பரிசோதனைகள் சொல்கின்றன. ஆனால் குழந்தை தூங்குகிற அறையில், விளக்கை அணைத்துவிட்டு வேலை செய்கிறவளுக்கு இருண்ட திரையே இதமாக இருக்கிறது. இடமறிந்து மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இதெல்லாம் அழகுக்காகச் செய்து கொள்கிற காரியம் என்றுதான் நினைத்துக் கொண்டிருந்தேன், எங்கள் காரியாலயத்தின் பிழை திருத்தும் பெரியவர் ஒரு நாள் என் மேஜையருகே வந்து நிற்கிற வரையில். பெயரைப் போடாமல் எழுதலாம் என்று அவர் அனுமதி கொடுத்திருக்கிறார்.

ஒரு கட்டுரையைத் திருத்தியதும் பழைய பிரதியையும் புதிய பிரதியையும் திரையில் ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். நீக்கிய வரி இளஞ்சிவப்புப் பின்னணியிலும், சேர்த்த வரி இளம்பச்சைப் பின்னணியிலும் தெரியும். அன்று ஒரு சமையல் குறிப்பில் உப்பின் அளவு மாறியிருந்தது. இரண்டு தேக்கரண்டி என்பதை நீக்கி அரைத் தேக்கரண்டி என்று போட்டிருந்தார்கள். பெரியவர் தயாரித்த இறுதிப் பிரதியில் இரண்டு தேக்கரண்டியே நின்றுவிட்டது. நல்ல வேளை, அச்சுக்குப் போகுமுன் யாரோ பார்த்துவிட்டார்கள். அந்த மாதத்தில் அது மூன்றாவது தடவை. 'வயதாகிவிட்டது, கவனம் போதவில்லை' என்று பேச்சு கிளம்பிவிட்டது.

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏம்மா, இதிலே எது வெட்டினது, எது சேர்த்தது? எனக்கு ரெண்டும் ஒரே அழுக்கு மஞ்சளாகத்தான் தெரியறது. பிறந்ததிலிருந்தே இப்படித்தான். காகிதத்தில் திருத்தின வரைக்கும் அடித்தல் கோடு இருந்தது, சமாளித்தேன். இப்போ வெளியிலே சொன்னால் வேலைக்கு லாயக்கில்லை என்பார்கள்."

நேயர்களே, இது அபூர்வமான குறை அல்ல. ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்கும், பெண்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்கும் சிவப்பு - பச்சை பேதம் சரியாகத் தெரிவதில்லை. விஞ்ஞானி ஜான் டால்டனுக்கே இந்தக் குறை இருந்தது. 1794-ல் தம் கண்ணைப் பற்றித் தாமே ஆராய்ந்து சபையில் படித்தார். பார்வை மங்கல் இல்லை, கவனக் குறைவும் இல்லை. வர்ணம் பிரிக்கும் கருவி கண்ணில் சற்று வேறாக அமைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மருந்து இல்லாத அந்தக் கண்ணுக்கு ஏற்றபடி திரையை மாற்றலாம் அல்லவா? அன்று மாலையே உட்கார்ந்தோம். நீக்கியதற்கு ஆரஞ்சு, சேர்த்ததற்கு நீலம். சிவப்பு - பச்சை பிரியாத கண்ணுக்கும் நீலமும் ஆரஞ்சும் பிரிந்து தெரியும். எழுத்தை மறைத்துவிடாதபடி இரண்டையும் மெல்லியதாகப் பூசினோம். வர்ணத்தை மட்டுமே நம்பி எந்தச் செய்தியையும் சொல்லக்கூடாது என்பது இணையத்துக்கு விதி வகுப்பவர்களின் கட்டளை. ஆகவே நீக்கிய வரிக்கு முன்னால் கழித்தல் குறியும் சேர்த்த வரிக்கு முன்னால் கூட்டல் குறியும் தோன்றச் செய்தோம். எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரம். காசு ஒன்றும் செலவில்லை. பெரியவர் திரையை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டார்.

மறுநாள் ஆசிரியரிடம் அவரே போய் விஷயத்தைச் சொன்னார். இப்போது எங்கள் பகுதியில் எல்லோர் திரையிலும் நீலமும் ஆரஞ்சும்தான். கவனக் குறைவு என்ற பேச்சும் நின்றுவிட்டது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் குறையைக் கொண்டுவரும் அம்சம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தகப்பனிடமிருந்து மகளுக்கு வரும். மகளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு பங்கு சாத்தியம் உண்டு. இதைக் கேட்டதும் பெரியவர், தம் பெண்ணையும் ஏழு வயதுப் பேரனையும் கண் டாக்டரிடம் அனுப்பினார். ஜப்பானிய டாக்டர் இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட புள்ளிப் படங்களைக் காட்டினார்கள். புள்ளிகளுக்குள் மறைந்திருந்த எண்கள் பல பையன் கண்ணில் படவில்லை. ரயில் எஞ்சின் ஓட்டுவது போன்ற சில உத்தியோகங்கள் அவனுக்குச் சரிப்படாது என்று இப்போதே தெரிந்தது நல்லதுதான். பதினெட்டு வயதில் ஆசையோடு போய் நின்று திரும்பி வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

உங்கள் பிள்ளை இலைக்குப் பழுப்பும் மரத்துக்குப் பச்சையும் தீட்டிக்கொண்டு வந்தால் உடனே அதட்டாதீர்கள். ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள். அந்தப் பையனின் வர்ணப் பென்சில்கள் ஒவ்வொன்றிலும் அவன் அம்மா நிறத்தின் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறாள். இப்போது அவன் இலைக்குப் பச்சைதான் தீட்டுகிறான். தாத்தா படம் போட்டால் தலைமயிருக்கு மட்டும், பெயரைப் படித்துப் பார்த்தே, ஊதா பூசுகிறான். அதை யாரும் திருத்தவில்லை.