வெயிலில் வயதாகிற வண்டி

பேட்டரி வண்டி வாங்க நினைப்பவர்கள் விலையை விசாரிக்கும் முன்பே "எத்தனை வருஷம் ஓடும்?" என்று கேட்டுவிடுகிறார்கள். நியாயமான கேள்விதான். இருபது வருஷத்து எக்ஸெல், புல்லுக்கட்டும் பால்கேனும் சுமந்துகொண்டு இன்றைக்கும் ஓடுகிற ஊர் எங்கள் வேலூர். நம் மனதில் இருக்கும் அளவுகோல் அதுதான். ராணிப்பேட்டையிலும் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தயாராகி வருகிற புது வண்டிகளையும் அதே கோலை வைத்துத்தான் அளக்கிறோம்.

மோட்டாரைப் பற்றிக் கவலை வேண்டாம். பிஸ்டன் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, கார்பன் பிரஷ்கூடக் கிடையாது. உள்ளே தேய்வதற்கு இருப்பது பேரிங்தான். டயரும் பிரேக்கும் எந்த வண்டியிலும் தேய்கிறவை. கேள்வியெல்லாம் பேட்டரியைப் பற்றித்தான்.

முழு சார்ஜ் ஒன்று ஏறி இறங்கினால் ஒரு சுற்று. பாதிப் பாதியாக இரண்டு முறை ஏற்றினாலும் அது ஒரே சுற்றுதான். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகை ஆயிரம் சுற்றை ஒட்டி, முதலில் இருந்த கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு இறங்கும். இரும்பு பாஸ்பேட் வகை இரண்டாயிரத்தையும் தாண்டும். தினம் 30 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு, ஒரு சார்ஜில் 85 கிலோமீட்டர் கிடைத்தால், வருஷத்துக்கு 130 சுற்றை ஒட்டி ஆகும். ஆயிரம் சுற்று என்றால் ஏறக்குறைய எட்டு வருஷம். காகிதத்தில் கணக்கு அழகாகத்தான் வருகிறது. வெயிலை யாரும் அதில் சேர்ப்பதில்லை.

வெப்பம் பத்து டிகிரி ஏறினால் வேதிவினை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்பது ரசாயனத்தில் ஒரு தோராய விதி. செல்லுக்குள் நமக்கு வேண்டிய வினையோடு வேண்டாத வினையும் நடக்கிறது. எதிர்மின்முனையின் மேல் ஒரு மெல்லிய படலம் தடித்துக்கொண்டே போய், லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. கத்திரி வெயிலில் முழு சார்ஜோடு தார்ச் சாலையோரம் நிற்கிற வண்டி, ஓர் அடிகூட ஓடாமலே கிழடாகிறது. பெட்ரோல் வண்டியைப் பட்டுப்புடவை மாதிரி பொத்தி வைத்து, நல்ல நாளுக்கு மட்டும் எடுத்து ஓட்டியவர்கள் உண்டு. அந்தச் சிக்கனம் இங்கே செல்லாது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் பேட்டரிக்கு வயது ஏறும்.

ஆக, பராமரிப்பு என்பதே வேறாகிவிட்டது. பிளக்கைக் கழற்றித் தேய்ப்பதும் ஆயில் மாற்றுவதும் போய், வண்டியை எங்கே நிறுத்துகிறோம், எப்போது சார்ஜ் போடுகிறோம் என்பதே வேலையாகிவிட்டது. வேப்பமர நிழல் சர்வீஸ் சென்டரைவிட அதிகம் செய்யும். வெயிலில் வந்த வண்டியை உடனே சார்ஜில் போடாமல் சூடு ஆறவிட வேண்டும். இரவில் போடுவது நல்லது என்பார்கள், குளிர்ச்சியைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் கண் முழித்திருக்கும் நேரத்தில் போடுவதே என் கட்சி. 2022 மார்ச்சில் எங்கள் மாவட்டத்திலேயே சார்ஜில் இருந்த வண்டி இரவில் எரிந்து, புகையில் இரண்டு பேர் இறந்தார்கள். அதே வருஷம் டிசம்பரிலிருந்து பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கினார்கள். விதி கம்பெனிக்கு, வீட்டு பிளக் பாயிண்ட்டின் எர்த்தைச் சரிபார்ப்பதும், மாடிப்படிக்குக் கீழே வழியை மறித்து வண்டியைச் சார்ஜில் போடாமலிருப்பதும் நம் பொறுப்பு.

தினசரிக்கு 80, 90 சதவீதம் போதும். எப்போதாவது ஒருமுறை முழுதாக ஏற்றினால், உள்ளே இருக்கிற சர்க்யூட் செல்களை ஒன்றுக்கொன்று சமன்செய்துகொள்ளும். சுத்தமாக வடியவிடக் கூடாது. ஒரு மாதம் மகள் வீட்டுக்குப் போகிறீர்களா, பாதி சார்ஜில் விட்டுப் போங்கள். வாட்டர் வாஷ் கடைக்காரர் பம்பை நேராக கனெக்டரில் பாய்ச்சுவார், தடுத்துவிடுங்கள். பேட்டரிப் பெட்டியில் ஐபி67 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். பம்பின் அழுத்தம் அந்தச் சோதனையில் இல்லை. 2023 டிசம்பரில் சென்னையில் நாள்கணக்கில் தேங்கிய மாதிரியான வெள்ளத்துக்கும் அது உத்தரவாதம் ஆகாது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒன்று நம் கையில் இல்லை. லைசென்ஸ் வேண்டாத, 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத பழைய ஈய பேட்டரி வண்டிகளை நினைத்துப் பாருங்கள். பேட்டரி ஒன்றிரண்டு வருஷத்தில் போனது. மாற்றப் போனால் விற்ற கடை பல இடங்களில் இல்லை. மோட்டார் நன்றாக இருக்கும்போதே வண்டி காயலான் கடைக்குப் போயிற்று. இன்றைக்குச் சில கம்பெனிகள் எட்டு வருஷம், 80,000 கிலோமீட்டர் என்று வாரண்டி தருகின்றன. பெரும்பாலும் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் அது பேசும். ஷோரூமில் நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: ஏழாவது வருஷம் இந்த பேட்டரியை யார், என்ன விலைக்குக் கொடுப்பார்கள்? மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம். பழைய பேக்கைப் பிரித்து, கெட்ட செல்லை மட்டும் மாற்றித் தருகிறேன் என்கிற கடைகளும் முளைத்திருக்கின்றன. பழையதும் புதியதும் ஒன்றாக ஓடாது. அந்த லாபம் வேண்டாம்.

பேட்டரி பெரும்பாலும் ஒரே நாளில் சாவதில்லை. 85 கிலோமீட்டர் 60 ஆகச் சுருங்கும். தினம் ராணிப்பேட்டை வேலைக்குப் போய்வருகிற மகனுக்கு அது நெருடும். காலையில் மார்க்கெட், மாலையில் கோவில், எப்போதாவது காட்பாடிக்குப் போய் ரயிலில் ஆளை ஏற்றிவிட்டு வருகிற அப்பாவுக்கு இன்னும் நாலைந்து வருஷம் தாராளமாகப் போதும்.