வேலி தாண்டும் அசுவினி

கீழ்ப்பழனி மலையில், பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு சரிவில், காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்ற விவசாயி ஒரு வாழை இலையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "காம்புல பாருங்க தம்பி, கோடு விட்டு விட்டு ஓடுதா?" ஓடியது, கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக. உச்சி இலைகள் குறுகி, விறைத்து, நெருக்கியடித்து நின்றன. முடிக்கொத்து நோய். இந்த மரம் இனித் தார் தள்ளாது.

அது விருப்பாச்சி மலைவாழை. மானாவாரிதான், மேலே கல்யாண முருங்கை நிழல், இடையில் காப்பி, மரத்தைப் பற்றி மிளகுக்கொடி. 2008-09இல் இதற்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. நீர்ப்பதம் குறைந்த பழம் என்பதால் சீக்கிரம் கெடாது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு இதைத் தேடுவதும் அதனால்தான். கீழ்ப்பழனி மலையில் பரந்து கிடந்த இந்த வாழையை 1970களில் வாரிக்கொண்டு போனது இதே நோய்.

இந்த நோயை உண்டாக்கும் வைரஸுக்கு மருந்து இல்லை. அதைச் சுமந்து திரியும் அசுவினிப் பூச்சியைக் கட்டுப்படுத்தி, நோய்ப்பட்ட மரத்தை அழித்தாக வேண்டும். ரசாயனத் தோட்டத்தில் களைக்கொல்லியைத் தண்டுக்குள் ஊசியில் ஏற்றினால் வேலை முடிந்தது. இயற்கை வழியில் கடப்பாரைதான். பக்கக்கன்றுகளோடு கிழங்கு முழுவதையும் தோண்டி, துண்டு துண்டாக வெட்ட வேண்டும். ஒரு முளை மிஞ்சினாலும் மறுபடி துளிர்க்கும். கல்லும் வேருமான அந்த மண்ணில் இதற்குக் கூலியாள் வைத்துக் கட்டுப்படியாகாது. கணவனும் மனைவியும் தோண்டுகிறார்கள். இயற்கை விவசாயத்தில் செலவு குறைவு என்று எழுதப்படும் எந்தக் கணக்கிலும் அந்த உழைப்பு ஏறவில்லை. இது என்னை உறுத்துகிறது.

பக்கத்துத் தோட்டக்காரர் தோண்டாமல் விட்டால் அத்தனையும் வீண். "எங்க சங்கத்துல விலை பேசுறதுக்கு முன்னால பேசுனது இதைத்தாங்க" என்றார் இலையைக் காட்டிய விவசாயி. ஒருவர் தோட்டத்தை மற்றவர்கள் நடந்து பார்க்கிறார்கள். பி.ஜி.எஸ். எனப்படும் பங்கேற்பு உத்தரவாத இயற்கைச் சான்றுக்கும் இந்தப் பார்வையிடல்தான் அடிப்படை; ஐந்து விவசாயிகள் சேர்ந்தால் குழு அமைக்கலாம், பெரிய கட்டணம் கிடையாது. ஆனால் அது உள்நாட்டுச் சந்தைக்கு மட்டும். ஏற்றுமதிக்கு வேண்டிய மூன்றாம் தரப்புச் சான்றின் செலவைச் சிறு விவசாயி தனியாகத் தாங்க முடியாது.

மண்டியில் இயற்கைத் தாருக்குத் தனி விலை இல்லை. சுமைக்கூலி, ஜீப் வாடகை, கமிஷன் போகத்தான் கையில். சங்கமாக ஒரே வண்டியில் ஏற்றினால் வாடகை பிரிந்துபோகிறது. நகரத்து இயற்கை அங்காடியோடு நிலையான விலையும் பேச முடிகிறது. அங்காடியோ நல்ல சீப்புகளை மட்டும் எடுக்கும். சிறுத்ததும் அடிபட்டதும் திரும்ப மண்டிக்கே.

அப்படியும் வாழையை ஏன் விடவில்லை? காப்பியிலும் மிளகிலும் ஆண்டுக்கு ஒருமுறைதான் பணம். வாழை அவ்வப்போது ஒரு தாராவது தரும். பிள்ளைகளின் பஸ் காசும் மளிகையும் அதில் ஓடுகின்றன. வாழை மட்டும் நட்டவர் இந்த மலையில் தாக்குப்பிடிக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

சங்கத்தில், அங்காடி கழித்த காயை உலர்பழமாக்க ஒரு சூரிய உலர்த்தி கேட்டு மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். நோய் மரம் தோண்டும் கூலியையும் மானியத்தில் கேளுங்கள் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, "ஒரு மரத்துக்கு எவ்வளவுன்னு போடட்டும்?" என்று மற்றவர்களைக் கேட்டார். அந்தக் கணக்கை அப்போதுதான் போட ஆரம்பித்தார்கள்.