படகில் விழும் கீறல்



போன வாரம் தொண்டிப் பக்கம் ஒரு மீனவ கிராமத்துக்குப் போயிருந்தேன். என்னிடம் 5-ஆம் வகுப்பு படித்த தம்பி ஒருவன் தன் பாய்மரப் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். (பேரைப் போட்டுடாதீங்க டீச்சர் என்று கேட்டுக்கொண்டான்.) அந்தக் கரையில் திருவிழா சமயங்களில் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். அதற்காகப் படகை அழகுபடுத்துகிறான் போல என்று கூட வந்த என் தங்கை சொன்னாள். அவன் சிரித்துவிட்டு, படகின் அடியில் விரல் நீளத்துக்கு இருந்த ஒரு கீறலைக் காட்டினான். "போன வருஷம் இந்த மாதிரி ஒண்ணை விட்டுட்டேன். ஒரு பலகையே போச்சு டீச்சர்."

மரப்படகுக்கு எமன் கப்பல்புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி, மட்டி இனத்தைச் சேர்ந்தது. பெயிண்ட் உரிந்து மரம் தெரிகிற இடத்தில், கண்ணுக்கே தெரியாத குஞ்சாக வந்து ஒட்டும். உள்ளே போய் வளர்ந்து மரத்தைக் குடைந்துகொண்டே போகும். வெளியே பார்த்தால் குண்டூசி முனை அளவுதான் துளை. உள்ளே பலகை சல்லடை!

படகைக் கரையேற்றி நன்றாகக் காயப்போட்டால் புழு செத்துவிடும். ஆனால் கரையேற்றும்போதுதான் மணலும் சிப்பி ஓடும் பட்டுப் பெயிண்ட் கிழிகிறது. இதுதான் சங்கடம். அதனால் அவன் படகை வெறும் தரையில் இழுப்பதே இல்லை. உருளைக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல்தான் ஏற்றுகிறான். நங்கூரக் கயிறு உரசும் இடத்தில் பழைய வலையைச் சுற்றி வைத்திருக்கிறான். அடியில் ஒட்டிய சிப்பியை இரும்பால் சுரண்ட விடுவதில்லை. ஈரம் காயும் முன்பே மரச் சட்டத்தால் தட்டி எடுக்கிறான்.

படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டும்போது இடையில் தொங்கும் டயரைப் பார்த்திருப்பீர்கள். மோதலைத் தாங்கத்தான் டயர். ஆனால் அதில் மணல் ஒட்டியிருந்தால், அலைக்கு அலை மேலும் கீழும் ஆடி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிடும். தினமும் டயரைக் கழுவுவது அவன் சின்ன மகன் வேலை. அந்த இடத்துக் கீறலில் புழு ஏறாதுதான். ஆனால் மழைத் தண்ணீர் இறங்கி மரம் உளுத்துப்போகும். கடல் தண்ணீரைவிட நல்ல தண்ணீர்தான் மரத்தை அழுகச் செய்யும் என்பதைப் பாடப் புத்தகத்தில் நான் நடத்தியதில்லை.

"ஃபைபர் படகு வாங்கிடேன்" என்றேன். அப்பா விட்டுப்போன படகு என்றான். கொஞ்ச நேரம் கழித்து, பலகையைத் தட்டிக்கொண்டே, "இதுக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் என் ரெண்டு பசங்க, டீச்சர்" என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை.

நான் வரும்போது கீறலைத் தேய்த்துக் காயவிட்டிருந்தான். ஈரம் முழுசாகப் போன பிறகுதான் மக்கு வைப்பானாம், அதன் மேல் இரண்டு பூச்சு.

பழைய கார் டயர் சும்மா கிடந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், அவனிடம் சேர்த்துவிடுகிறேன். கம்பி வெளியே நீட்டிய டயர் மட்டும் வேண்டாம்.