கடுதாசி வராத வாரம்

மணி ஆறரை. குமாரலிங்கபுரத்தில் வெயில் இறங்கிவிட்டது, வெக்கை இறங்கவில்லை. நீளத் திண்ணையின் ஒரு கோடியில் நான். மறுகோடியில் மூன்று பேர். அப்பத்தா சாக்கை விரித்து வத்தலைக் குவித்து, காம்பு கிள்ளிக்கொண்டிருக்கிறார். தூணில் சாய்ந்து பேத்தி, மடியில் அட்டை கழன்ற தடிப் புத்தகம். கீழ்ப்படியில் ஏழாவது படிக்கிற தம்பி, கையில் நோட்டு. நான் ஊருக்கு வந்து நாலு நாள் ஆகிறது. நாலு நாளும் இந்த நேரத்துக்கு இதே காட்சிதான்.

தம்பி தமிழில் கேட்கிறான். அக்கா இங்கிலீஷில் சொல்கிறாள்.

“பஞ்சம்.”

“ஃபேமின்.”

“வறட்சி.”

“ட்ரவுட்.”

வத்தலிலிருந்து தலையைத் தூக்காமலே அப்பத்தா கேட்கிறார்: “நேத்து ட்ராட்டுன்னுல்ல சொன்ன?”

“அது தப்பு அப்பத்தா. இன்னைக்குப் போன்ல கேட்டுட்டேன்.”

அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் தினமும் காதில் விழுகிற சத்தத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கிறார். சத்தம் மாறினால் அவருக்குத்தான் முதலில் தட்டுப்படுகிறது. அந்தத் தெருவில் இவளுடைய இங்கிலீஷைத் திருத்துவதற்கு இருக்கிற ஒரே ஆள் அவர்.

“மகள்.”

“டாட்டர்.”

சொல்லிவிட்டு நோட்டை வாங்கிப் பார்க்கிறாள். சொல்லின் நடுவில் ஜி, எச் இரண்டும் நிற்கின்றன, வாயில் வரவில்லை. வறட்சிக்கான சொல்லிலும் அதே இரண்டும் சத்தமில்லாமல் கிடக்கின்றன. சிரிப்புக்கான சொல்லில் மட்டும் இரண்டும் சேர்ந்து ‘ஃப்’ என்று ஒலிக்கின்றன. எழுதிய எழுத்தையெல்லாம் வாசித்தே பழகிய வாய்க்கு இது லேசில் பிடிபடாது. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் தமிழெழுத்தில் உச்சரிப்பை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறாள். சில இடங்களில் தாள் பொத்துப் போயிருக்கிறது.

“காம்பு.”

அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். உதடு மட்டும் அசைகிறது.

“ஸ்டாக்கு. அதுலயும் நடுவுல எல் இருக்கு, சொல்லக் கூடாது.”

“ரேஷன் கடையில ஸ்டாக் இல்லேம்பாங்களே, அதாத்தா?”

“அது வேற ஸ்டாக்கு அப்பத்தா. இது நீ கிள்ளிப் போடுறியே, அது.”

அப்பத்தா விரலிடுக்கில் இருந்த காம்பை விளக்கு வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்க்கிறார். அரை அங்குலம் இருக்கும், வளைந்து காய்ந்தது. அதைக் குவியலில் போடாமல் பேத்தியின் புத்தகத்து மேல் வைக்கிறார். அந்தப் பக்கத்துக்கு அன்று அடையாளம் அதுதான்.

மத்திய ஆயுதக் காவல் படைகளுக்குக் கான்ஸ்டபிள் எடுக்கிற ஜி.டி. தேர்வுக்குத்தான் இந்தப் படிப்பு. எஸ்.எஸ்.சி. என்கிற மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்துவது, பத்தாவது தேறியிருந்தால் போதும். முன்பெல்லாம் கேள்வித்தாள் இந்தியிலும் இங்கிலீஷிலும் மட்டுமே இருந்தது. 2024-ல்தான் தமிழ் உள்பட 13 மாநில மொழிகளிலும் வந்தது. கணக்கு, பொது அறிவு, ரீசனிங் மூன்றையும் இவள் தமிழிலேயே எழுதலாம். நாலாவது பகுதிக்கு மட்டும் இங்கிலீஷ் அல்லது இந்தி. 20 கேள்வி, 40 மதிப்பெண். தப்பாய்ப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் போகும். தமிழ் வந்தது பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் இந்தி பேசி வளர்ந்த பிள்ளைக்கு இந்த நாலாவது பகுதி அடுப்படிப் பேச்சு. இவளுக்கு அது ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிச் சேர்க்கிற வேலை. இருவருக்கும் அதே 40 என்பது எனக்கு ஒப்பவில்லை.

எழுதிய சொல்லையே மறுபடி எழுதுகிறாள். பார்த்துக்கொண்டிருக்கும்போது இந்தச் சீமையில் பிறந்த இன்னொரு பிள்ளையின் நினைவு வருகிறது. திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-ல் பிறந்த வேங்கடராமன். மதுரையில் படிக்கும்போது, பெயின் எழுதிய ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதிவரச் சொல்லித் தண்டனை. இரண்டு முறை எழுதியாயிற்று. 1896 ஆகஸ்ட் 29 அன்று மூன்றாவது முறைக்கு உட்கார்ந்தவர், எழுதாமல் எழுந்து திருவண்ணாமலைக்குப் போய்விட்டார். உலகம் அவரை ரமணர் என்று அறிகிறது. இந்தப் பெண் ‘ட்ரவுட்’டை எட்டாவது முறை எழுதுகிறாள். அவள் எழுந்து போக வேண்டிய வழியும் அந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது.

ஏழே கால். சொல் முடிந்து பத்தி. கலங்கரை விளக்கத்தைக் காக்கிற கிழவனைப் பற்றிப் பதினைந்து வரி. படித்துவிட்டுக் கீழே இருக்கிற கேள்விக்கு விடை போட வேண்டும். கிழவன் அன்று ஏன் சாப்பிடவில்லை என்பது கேள்வி. நாலு விடை கொடுத்திருக்கிறார்கள். அவள் விரல் பத்திக்குள் ஓடுகிறது, ‘ஸ்டார்ம்’ என்ற இடத்தில் நிற்கிறது. இரண்டாவது விடையிலும் ஸ்டார்ம் இருக்கிறது. பென்சிலால் டிக் போட்டுவிட்டாள். மொழி பாதி தெரிந்தவர்களை விழவைக்க இப்படித்தான் பத்தியில் இருக்கிற சொல்லையே தப்பான விடையிலும் வைப்பார்கள். அவள் விழுந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிகிறது. வாய் வரைக்கும் வந்ததை அடக்கிக்கொள்கிறேன்.

“என்னத்தா கதை அது?” என்கிறார் அப்பத்தா. “முணுமுணுன்னு படிச்சா எனக்கு எப்படித் தெரியும்?”

அவள் தமிழில் சொல்ல ஆரம்பிக்கிறாள். சொல்லுக்குச் சொல் இல்லை, கதையாக. கடலுக்கு நடுவில் ஒரு பாறை. பாறையில் விளக்கு. விளக்குக்கு ஒரே ஆள். வாரத்துக்கு ஒரு தடவை படகு வரும். அரிசி, எண்ணெய் எல்லாம் வரும். அரிசி அந்தப் பத்தியில் இல்லை, இவளே போட்டுக்கொண்டது.

“மகன் எழுதுற கடுதாசியும் அதுலதான் வரும். அந்த வாரம் பெரிய காத்து அப்பத்தா. ஆனாலும் படகு வந்துருச்சு. சாமான் எல்லாம் இறக்குனாங்க...”

“கடுதாசி?”

“வரலை.”

“பெறகு எங்கிட்டு இறங்கும் சோறு?”

அப்பத்தா சொல்லிவிட்டு அடுத்த வத்தலை எடுக்கிறார். அவருடைய மகன், இந்தப் பிள்ளைகளின் அப்பா, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. பேச்சு அந்தப் பக்கம் போகவில்லை.

பேத்தி சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். பத்தியைப் பார்க்கிறாள். இப்போது விரல் ஒவ்வொரு வரியாக, மெதுவாக இறங்குகிறது. காற்று வந்த வரியைத் தாண்டி, படகு வந்த வரியைத் தாண்டி, கடைசிக்கு முந்தின வரியில் நிற்கிறது. ரப்பரைத் தேடுகிறாள். கிடைக்காததால் எச்சில் தொட்டே பென்சில் கோட்டை அழித்து, நாலாவது விடையில் டிக் போடுகிறாள்.

எனக்குள் ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. அதோடு ஒரு கவலையும். 80 கேள்விக்கு 60 நிமிஷம், அதாவது ஒன்றுக்கு 45 விநாடி. இந்த ஒரு கேள்விக்குக் கால் மணி நேரம் ஆகியிருக்கிறது. தேர்வு மையத்தில் கம்ப்யூட்டர்தான் முன்னால் இருக்கும். கதை என்ன என்று கேட்க அங்கே அப்பத்தா இருக்க மாட்டார். தனக்குத்தானே அந்தக் கதையைச் சொல்லிக்கொள்ளப் பழகிவிட்டால் போதும். அதைச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். சொல்லவில்லை.

விடிகாலை ஐந்தே கால். கண்மாய்க்குள் தண்ணீர் இல்லை, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கரைமேல் அவள் ஓடுகிறாள். பெண்களுக்கு 1.6 கிலோமீட்டர், எட்டரை நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். பின்னால் சைக்கிளில் தம்பி, ஹேண்டில்பாரில் போன்.

“வறட்சி!”

“ட்ரவுட்.”

“கடுதாசி!”

“லெட்டர்.”

“காம்பு!”

மூச்சுதான் வருகிறது, சொல் வரவில்லை. பத்தடி தள்ளி, “ஸ்டாக்கு” என்று திரும்பி வருகிறது.

புளியமரத்தடியில் நின்று முழங்காலைப் பிடித்துக் குனிகிறாள். தம்பி போனைப் பார்க்கிறான்.

“எட்டு நாப்பதுக்கா.”

அவள் தாவணி நுனியால் முகத்தைத் துடைத்து, அதை மறுபடி இடுப்பில் இறுக்கிச் செருகுகிறாள். வந்த பக்கமே திரும்பி நிற்கிறாள்.

“பஸ்ஸு வர இன்னும் நேரம் கெடக்கு. மொதல்ல இருந்து கேளு.”