கொப்பரைக் கடைக்கு மஞ்சள் மண்டி மெனு

ஜூன் 4

மஞ்சள் மண்டி முதலாளியின் அக்காள் மகன் அவல்பூந்துறையில் கொப்பரை வியாபாரம் ஆரம்பித்திருக்கிறார். கணக்குக்கு புரோகிராம் வேண்டுமாம். “மாமன் கடையில இருக்கற மெனு அப்படியே வேணுங்க. மத்ததெல்லாம் எப்படியிருந்தாலுஞ் செரி” என்றார் போனில்.

பொதுவாக வியாபாரிகள் ரிப்போர்ட்டைத்தான் கேட்பார்கள். பில் எந்த அளவுக் காகிதத்தில் வரும் என்று கேட்பார்கள். மெனுவைக் கேட்பவர் அபூர்வம். விசாரித்தால் காரணம் சாதாரணமானது: இரண்டு கடைக்கும் ஒரே கணக்கர். காலையில் ஈரோட்டில் மண்டி, மத்தியானத்துக்கு மேல் கொப்பரை. அவர் மவுஸைத் தொடுவதே இல்லை. ஆல்ட்டோடு ஈ, பிறகு வி அடித்தால் வரத்துப் பதிவு. ஆல்ட்டோடு ஆர், பிறகு டி என்றால் அன்றைய சிட்டை. திரையைப் பார்க்காமலே அடிக்கிறார், கண் எதிரே நிற்கும் விவசாயி மேல் இருக்கிறது.

மண்டி மெனுவில் ஐந்து தலைப்பு: மாஸ்டர், என்ட்ரி, ரிப்போர்ட், அக்கவுண்ட்ஸ், யுடிலிட்டி. என்ட்ரியின் கீழே இருக்கும் வரிசை மூட்டை உள்ளே வந்து வெளியே போகும் வரிசைதான். வரத்து, லாட் எண், ஏல விலை, எடை, கூலி கமிஷன் கழிவு, பில். கொப்பரைக்கும் இது முக்கால்வாசி பொருந்தும். விரலி, கிழங்கு என்ற பிரிவு போய் முதல் தரம், இரண்டாம் தரம் வரும், அவ்வளவுதான்.

மெனுவை மறுபடி பயன்படுத்துவது புரோகிராமருக்கு வேலை மிச்சம் என்று எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வோம். ஐந்து தலைப்பை மறுபடி தட்டச்சு செய்ய எவ்வளவு நேரமாகிவிடும்? மிச்சமாவது கணக்கரின் விரல் பழக்கம். அதைத் திரும்பச் சம்பாதிக்க அவருக்கு ஒரு சீசன் ஆகும்.

ஜூன் 6

மண்டி ஃபைல் ஆக்சஸ் 2003 காலத்தது. அந்த மெனு ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. அதை இன்னொரு ஃபைலுக்குக் கொண்டுபோக ஒரு வழி உண்டு, பலர் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கிறது. புது ஃபைலில் இருந்துகொண்டு பழைய ஃபைலை இம்போர்ட் செய்யும்போது டேபிள், குவெரி, ஃபார்ம் என்று பட்டியல் வரும் பெட்டியில் ‘ஆப்ஷன்ஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் பெட்டி கீழ்ப்பக்கம் விரியும். ‘மெனுஸ் அண்ட் டூல்பார்ஸ்’ என்ற கட்டத்தில் டிக் வைத்து ஓகே கொடுத்தால் போதும். இன்றைய ஆக்சஸிலும் அந்தக் கட்டம் இருக்கிறது.

இதில் பொறுக்கி எடுக்கும் வசதி இல்லை. வந்தால் எல்லா மெனுவும் வரும். வாங்கும் ஃபைலில் அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் புதியது வராது, பழையதே நிற்கும். திருத்திய மெனுவைக் கொண்டுவந்தும் மாற்றமே தெரியவில்லை என்று ஒருவர் புலம்பினால் முதலில் பெயரைத்தான் பார்க்க வேண்டும்.

மெனு வந்துவிட்டது. பிரிண்ட், ஃபில்டர் போன்ற ஆக்சஸின் சொந்தக் கட்டளைகள் அப்படியே வேலை செய்கின்றன. நாம் எழுதியவை செய்யாது. ஒவ்வொரு மெனு வரியும் ‘ஆன்ஆக்‌ஷன்’ என்ற இடத்தில் ஒரு ஃபங்ஷனின் பெயரையோ மேக்ரோவின் பெயரையோ மட்டும் வைத்திருக்கிறது. அந்த ஃபங்ஷன் இருக்கும் மாட்யூல் கூடவே வராது. ஒயரை விட்டுவிட்டு சுவிட்ச் போர்டை மட்டும் கழற்றி வந்த கதை. அழுத்தினால் அப்படியொரு பெயர் இங்கே இல்லை என்று ஆக்சஸ் கைவிரிக்கும்.

ஆகவே மாட்யூலையும் இம்போர்ட் செய்ய வேண்டும். மாட்யூல் ஒரு ஃபார்மைத் திறக்கச் சொன்னால் ஃபார்மும் வேண்டும். ஃபார்ம் குவெரியைக் கேட்கும், குவெரி டேபிளைக் கேட்கும். ஒரு மெனு வரியைப் பிடித்து இழுத்தால் பாதி மண்டியே கொப்பரைக் கடைக்குள் வந்து நிற்கிறது.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வைத்தியம் மெனு ஃபங்ஷன்களை நேரடியாக வேலை செய்ய விடாமல் நடுவில் ஒன்றை வைப்பது. எல்லா வரியும் ஒரே ஃபங்ஷனைக் கூப்பிடும், கூடவே ‘வரத்து’, ‘சிட்டை’ என்று ஒரு சொல்லை அனுப்பும். அந்தச் சொல்லுக்கு எந்த ஃபார்ம் என்பதை ஒவ்வொரு ஃபைலும் தன் சொந்த டேபிளில் வைத்துக்கொள்ளும். மெனுவுக்கு மஞ்சளும் தெரியாது, கொப்பரையும் தெரியாது.

ஜூன் 9

ஞாயிற்றுக்கிழமை. மண்டியின் மிகப் பழைய பேக்கப் சிடி ஒன்று கிடைத்தது. ஆக்சஸுக்கு மாறும் முன் அங்கே ஓடிய ஃபாக்ஸ்ப்ரோ. வேலைக்கு இதனால் ஒரு பயனும் இல்லை, ஆனாலும் திறந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஃபாக்ஸ்ப்ரோ 2.0, 1991-இல் வந்தது. அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் அதை எழுதிய கம்பெனியை வாங்கியது. 2007-இல் இனி அடுத்த பதிப்பு இல்லை என்று அறிவித்தார்கள். 2015-இல் ஆதரவும் முடிந்தது. ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் அதற்குப் பிறகும் ஃபாக்ஸ்ப்ரோவில் பில் போட்ட கடைகளை எனக்குத் தெரியும். இன்னும் இருக்கலாம், ஆச்சரியப்பட மாட்டேன்.

நான் பார்க்க நினைத்தது அதன் மெனு ஃபைலை. எம்.என்.எக்ஸ் என்று முடியும் அந்த ஃபைல், பார்க்கப்போனால் ஒரு டேபிள்தான். விலாசப் பட்டியலைத் திறப்பது போல ‘யூஸ்’ போட்டுத் திறந்து ‘பிரவுஸ்’ பண்ணலாம். ஒவ்வொரு மெனு வரியும் ஒரு ரெக்கார்டு. திரையில் தெரியும் எழுத்துக்கு ‘பிராம்ட்’ என்று ஒரு ஃபீல்டு, செய்ய வேண்டிய வேலைக்கு ‘கமாண்ட்’, எந்த நிலைமையில் அந்த வரி மங்கிக் கிடக்க வேண்டும் என்பதற்கு ‘ஸ்கிப்ஃபார்’. ஏலம் முடியாத லாட்டுக்கு பில் போட முடியாதபடி அந்தக் காலத்திலேயே ஒரு நிபந்தனை எழுதி வைத்திருக்கிறார்கள், நாலே சொல்லில்.

டேபிள் என்பதால், மெனு முழுக்க ‘மஞ்சள்’ என்று இருப்பதையெல்லாம் ‘கொப்பரை’ என்று மாற்ற ஒரே ஒரு ‘ரீப்ளேஸ் ஆல்’ போதும். மெனு டிசைனரைத் திறக்கவே வேண்டாம். இந்த டேபிளிலிருந்து ‘ஜென்மெனு’ என்ற புரோகிராம் எம்.பி.ஆர் என்று முடியும் சாதாரணக் கோடு ஃபைலை எழுதித் தரும். ஓடுவது அதுதான். இன்னொரு அழகும் உண்டு. ‘புஷ் மெனு’ என்றால் இப்போதிருக்கும் மெனு எடுத்து வைக்கப்படும், ‘பாப் மெனு’ என்றால் திரும்ப வரும். ஒரு ஃபார்முக்குள் நுழையும்போது அதற்கென்று தனி மெனு, வெளியே வந்ததும் பழையது.

டேட்டாபேஸ் மென்பொருள் தன் மெனுவையும் டேட்டாவாகவே வைத்திருந்தது. சரியாக யோசித்திருக்கிறார்கள். அடுத்து வந்தவர்கள் பொத்தானை இழுத்துப் போடும் பெட்டியைக் காட்டி மயக்கியதில் நாம் இதை மறந்தோம்.

ஜூன் 12

இன்று ரிப்பன். கொப்பரைக் கடையின் கம்ப்யூட்டரில் புதிய ஆபிஸ். 2007 முதல் ஆக்சஸில் பழைய மெனு பட்டை போய் ரிப்பன் வந்துவிட்டது. நாம் செய்த பழைய மெனுக்கள் ‘ஆட்-இன்ஸ்’ என்ற தாவலுக்குள் போய் ஒண்டிக்கொள்கின்றன. ஓடும், ஆனால் திருத்துவதற்கு இருந்த பெட்டி இல்லை. கோடு எழுதித்தான் மாற்ற வேண்டும். கணக்கருக்கோ ஆல்ட்-ஈ வேலை செய்யாது, ஆட்-இன்ஸைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

புதிய வழி, பார்த்தால், எம்.என்.எக்ஸின் தூரத்துச் சொந்தம். ‘யூஸிஸ்ரிப்பன்ஸ்’ என்ற பெயரில் ஒரு டேபிள் செய்து, ‘ரிப்பன்நேம்’ என்ற ஃபீல்டில் பெயரும் ‘ரிப்பன்எக்ஸ்எம்எல்’ என்ற ஃபீல்டில் மெனுவின் முழு விவரமும் எழுதி வைத்தால், ஃபைலைத் திறக்கும்போது ஆக்சஸ் தானே எடுத்துக்கொள்ளும். உடனே தெரியாது. ஒரு தடவை மூடித் திறந்தால் ஆப்ஷன்ஸ் பட்டியலில் அந்தப் பெயர் வரும். தேர்ந்தெடுத்துவிட்டு இன்னொரு தடவை மூடித் திறந்தால் ரிப்பன் வரும். அந்தப் பெயர் ‘யூஸிஸ்’ என்று ஆரம்பிப்பதால் டேபிள் பட்டியலில் ஒளிந்துகொள்ளும். அதை வேறு ஃபைலுக்கு இம்போர்ட் செய்ய முதலில் சிஸ்டம் ஆப்ஜெக்ட்டுகளைக் காட்டும்படி அமைப்பை மாற்ற வேண்டும்.

எக்ஸ்எம்எல்லில் பிழை இருந்தால் ஆக்சஸ் வாயே திறக்காது, ரிப்பன் வராது, அவ்வளவுதான். ‘ஆட்-இன் பயனர் இடைமுகப் பிழைகளைக் காட்டு’ என்ற பொருளில் ஆப்ஷன்ஸில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் வைத்த பிறகே எந்த வரியில் என்ன தப்பு என்று சொல்லும். ரிப்பன் வேலையில் இறங்குபவர் முதலில் இந்தக் கட்டத்தைத் தேடட்டும்.

அடிக்கடி வரும் பிழை & குறி. பழைய மெனுவில் அதை ஓர் எழுத்துக்கு முன்னால் போட்டால் அந்த எழுத்தின் கீழ் கோடு விழும், ஆல்ட்டோடு அடிக்கலாம். எக்ஸ்எம்எல்லில் அதே குறி தனியாக நின்றால் முழு மெனுவும் செல்லாது. மண்டியில் ‘வரவு & செலவு’ என்று ஒரு வரி உண்டு. அதை ‘வரவு செலவு’ ஆக்கிவிட்டேன், தமிழுக்கு அந்தக் குறி தேவையும் இல்லை.

இந்தத் தடவை மெனுவைத் தமிழில் கேட்டிருக்கிறார்கள். விபிஏ எடிட்டரில் தமிழ் அடித்தால் கேள்விக்குறி வரிசைதான் மிஞ்சும். அந்த எடிட்டர் யூனிகோடு அறியாது, தமிழுக்கோ விண்டோஸில் பழைய கோட்பேஜ் கிடையாது. டேபிளுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆக்சஸ் 2000 முதல் உள்ளே யூனிகோடுதான். சொற்களை எல்லாம் டேபிளில் வைத்துவிட்டு கோடு அவற்றை எடுத்துக் கொடுத்தால் ‘வரத்து’ வரத்தாகவே திரையில் வரும். கோடுக்குள் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. மெனுவை டேபிளில் வைக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆகவே நானே ஒரு சின்ன டேபிள் போட்டேன்: தலைப்பு, வரிசை எண், சொல், சாவி எழுத்து, அனுப்ப வேண்டிய சொல், எந்தக் கடை. ஒரு ஃபங்ஷன் இதைப் படித்து எக்ஸ்எம்எல் கட்டி யூஸிஸ்ரிப்பன்ஸில் எழுதிவிடும். இனி இரண்டு கடைக்கும் இதுதான் மூலம்.

ஜூன் 15

கணக்கர் வந்து உட்கார்ந்தார். ஆல்ட்டைத் தொட்டதும் ரிப்பன் மேல் எழுத்துகள் முளைத்தன.

“ஏந்தம்பி, பொட்டு வெச்ச மாதிரி எழுத்தெழுத்தா நிக்குதுங்களே, என்னதுங் இது?”

“பழைய எழுத்துதானுங்க அய்யா. நீங்க பாக்காம அடிங்க.”

அடித்தார். ஈ, வி. வரத்து ஃபார்ம் வந்தது. ஆர், டி. சிட்டை வந்தது. அப்புறம் அந்த எழுத்துகளைப் பற்றி அவர் பேசவில்லை.

அவை ‘கீடிப்’ எனப்படுபவை. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஆபிஸ் தானாக ஒய்1, ஒய்2 என்று வைத்துக்கொள்ளும், அது யார் கைக்கும் பழகாது. எக்ஸ்எம்எல்லில் ஒவ்வொரு தாவலுக்கும் பொத்தானுக்கும் நமக்கு வேண்டிய எழுத்தை எழுதலாம். என் டேபிளில் ‘சாவி எழுத்து’ ஃபீல்டு இருப்பது இதற்காகத்தான். பழைய மெனுவில் கோடிட்டிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அதில் எழுதினேன். ஆக்சஸின் சொந்தத் தாவல்களை மறைத்துவிட்டதால் மோதல் இல்லை. ஃபைல் மட்டும் எஃப் எழுத்தோடு நிற்கும். மண்டியின் ஐந்து தலைப்பில் எஃப் கிடையாது.

சொற்கள் தமிழாகிவிட்டன, சாவிகள் ஆங்கில எழுத்தாகவே நிற்கின்றன. ‘பதிவு’ என்ற தாவலுக்கு ஈ. பார்க்க ஒட்டாமல் இருக்கிறது என்று மருமகப்பிள்ளை சொன்னார். மாற்றமாட்டேன் என்றேன்.

ஜூன் 18

வலது கிளிக் மெனு பாக்கி இருந்தது. எடைப் பட்டியலில் ஒரு வரி மேல் வலது கிளிக் செய்தால் ‘இந்த லாட்டின் சிட்டை’, ‘எடைத் திருத்தம்’ என்று வரும். இதற்கு ரிப்பன் உதவாது, பழைய கமாண்ட்பார் முறைதான் இன்றும். கோடில் பாப்-அப் வகை மெனு ஒன்றைச் சேர்த்து, வரிகளை நிரப்பி, ஃபார்மின் ‘ஷார்ட்கட் மெனு பார்’ என்ற இடத்தில் அதன் பெயரைக் கொடுக்க வேண்டும். அதே டேபிளையே இதற்கும் படிக்க வைத்தேன், ‘தலைப்பு’ ஃபீல்டில் ‘வலது’ என்று எழுதிய வரிகள் மட்டும் இங்கே வரும். திறக்கும்போதெல்லாம் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் ஃபைலுக்குள் பழசு தங்கிவிடும்.

ஜூன் 21

எடைத் திருத்தம் எல்லோருக்கும் தெரியக்கூடாது, முதலாளி உள்ளே வந்தால் மட்டும். ஃபாக்ஸ்ப்ரோவில் ஸ்கிப்ஃபார் செய்த வேலை. ரிப்பனில் இதற்கு ஒவ்வொரு பொத்தானும் ‘நான் தெரியட்டுமா’ என்று நம் ஃபங்ஷனைக் கேட்கும், ஆனால் ஒரு தடவைதான் கேட்கும். பதிலை ஞாபகம் வைத்துக்கொண்டு பிறகு கேட்காது. ஆள் மாறினால் ‘இன்வாலிடேட்’ சொல்லி மறுபடி கேட்க வைக்க வேண்டும். அதைச் சொல்ல ரிப்பனின் பிடி ஒரு வேரியபிளில் இருக்க வேண்டும். கோடில் எங்காவது கவனிக்காத எரர் வந்து எல்லாம் ரீசெட் ஆனால் அந்தப் பிடி போய்விடும், ஃபைலை மூடித் திறக்கும்வரை ரிப்பன் உறைந்து நிற்கும். எரர் வரக்கூடிய இடங்களையெல்லாம் கட்டிவைப்பதுதான் வழி. மெனுவை மட்டும் நன்றாக எழுதிப் பிரயோஜனமில்லை.

ஜூன் 24

மருமகப்பிள்ளை போன். கொப்பரை காயக் காய எடை குறைகிறது, வாங்கிய எடைக்கும் விற்ற எடைக்கும் நடுவே ‘காய்ச்சல் கழிவு’ என்று ஒரு பதிவு வேண்டும். எடைக்கு அடுத்தாற்போல வைக்கச் சொன்னார், சாவி கே.

கே ஏற்கெனவே கூலிக்குப் போய்விட்டது. அதை மாற்றினால் கணக்கர் மண்டியில் தடுமாறுவார். இதற்கு ஜே கொடுத்தேன். கே-க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டேபிளில் ஒரு ரெக்கார்டு சேர்த்து, ‘எந்தக் கடை’ என்ற இடத்தில் கொப்பரை என்று மட்டும் எழுதினேன். சாயங்காலம் மாமனிடமிருந்து போன்: மஞ்சளும்தான் குடோனில் காய்கிறது, அந்தப் பதிவு தனக்கும் வேண்டுமாம். ‘எந்தக் கடை’யில் ‘இரண்டும்’ என்று மாற்றி, நாளைக் காலை மண்டி திறக்கும் முன் ஃபைலை அனுப்ப வேண்டும்.